இளங்கால்களுக்கு யார் காவல்?

மனிதன் தன்னை அண்டி வாழும் உயிர்களுக்கு இழைக்கும் தீங்கு இருவகைப்படும். வெறுப்பினால் விளைவது ஒன்று. அன்பினால் விளைவது மற்றொன்று. முன்னதை உலகம் எளிதிற் கண்டுகொள்ளும். தெருநாயின்மேற் கல்லெறிபவனையும் கொதிநீர் ஊற்றுபவனையும் கண்டிக்க நமக்குப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டியதில்லை. பின்னதோ தடவிக் கொடுத்துக்கொண்டே வரும், மிகுதியாக ஊட்டிக்கொண்டே வரும், “பார், எவ்வளவு உற்சாகமாய் ஓடுகிறது!” என்று வியந்துகொண்டே வரும். அதனைத் தீங்கென்று சொல்வாரும் அரியர். சொன்னாற் கேட்பாரும் அரியர்.

இக்கட்டுரை அவ்விரண்டாம் வகையைப் பற்றியது. எடுத்துக்கொண்ட பொருள் சிறிதுபோல் தோன்றும். பெரிய இன நாயின் குட்டியை எந்த வயதில், எந்த அளவில் ஓட விடலாம் என்பதே அது. ஆயின் அச்சிறு பொருளினுள் ஒரு பெரிய வினா அடங்கிக் கிடக்கிறது. நம் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஓர் உயிர், தானே விரும்பி ஒரு செயலுக்கு முன்வருமாயின், அவ்விருப்பமே நமக்கு அனுமதி ஆகிவிடுமா?

நம் பேரா மாநிலத்தில் இவ்வினா இன்று வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில் லயத்து நாய்க்கு இனப்பெயர் ஏதும் கிடையாது. அது லயத்துப் படியடியிற் பிறந்து, பால்மரங்களின் நிழலில் சருகின்மேல் உருண்டு, களைத்தபோது படுத்து, விரும்பியபோது எழுந்து வளர்ந்தது. அதனைக் கயிற்றிற் கட்டி ஓட்டிப் பழக்கியவர் எவருமிலர். பின்னர்ப் பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் வெறுமையாயின, நம்மவருட் பலர் ஈப்போ, மெங்கிளம்பு, சுங்கை சிப்புட் முதலிய இடங்களின் வரிசை வீடுகளிற் குடியேறினர். லயத்தில் அடுத்த வீட்டாரே காவலாயிருந்தனர். பட்டணத்தில் அடுத்த வீட்டாரின் பெயரும் தெரியாது. இரும்புக் கதவும் பூட்டும் போதாவென்று அஞ்சியவர்கள் அல்சேஷன், ராட்வைலர், லாப்ரடார் எனப் பேரினக் குட்டிகளை விலைகொடுத்து வாங்குகின்றனர்.

அக்குட்டிக்கு வாய்க்கும் உலகம் எத்தகையது? வழுவழுப்பான தரை, செங்குத்தான மாடிப்படி, தார்ச்சாலை ஆகிய இவையே. காவலுக்கு வாங்கிய நாய் விரைவில் உரம் பெறவேண்டுமென்று எசமானர் ஆசைப்படுகிறார். ஐந்து மாதக் குட்டியை மோட்டார் சைக்கிளின் பக்கத்திற் கட்டி ஓட்டுவாரும், எட்டு மாதக் குட்டியைச் சுவரேறிக் குதிக்கப் பழக்குவாரும் நம்மிடையே உளர். “சிறு வயதிலேயே ஓட்டினால்தான் கால் இறுகும்” என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் உண்மைதானா என்பதை முதலில் ஆராய்வோம். அறம் அதன்பின் வரும். உண்மையை அறியாமற் சொல்லும் அறவுரை காற்றிற் கட்டிய கோட்டை.

எலும்பு பிறந்த நாள் தொட்டே கல்லாய் இறுகிய பொருளன்று. வளரும் உயிரின் நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகே மென்மையான குருத்தெலும்புப் படலங்கள் உள. எலும்பு நீள்வது அவ்விடத்தில்தான். அவற்றை வளர்ச்சித் தட்டுகள் என்பர். வளர்ச்சி நிறைவுற்றதும் அவை எலும்பாய் இறுகி மூடிக்கொள்ளும். சிறிய நாய்களுக்கு இது பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். பெரிய இனங்களுக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை செல்லும். மாபெரும் இனங்களுக்கு அதனினும் சிறிது மிகுவதுண்டு. அதுவரை அத்தட்டுகள் சுற்றியுள்ள தசைநாரினும் எலும்பினும் மெலிந்தவை. வளர்ந்த நாய்க்கு வெறும் சுளுக்காய்ப் போகும் அடி, குட்டிக்குக் காலின் வளர்ச்சியையே கோணலாக்கிவிடக் கூடும்.

வளர்ச்சியின் வேகத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மனிதக் குழந்தை ஏறக்குறைய 3 கிலோ எடையுடன் பிறந்து ஓராண்டில் மும்மடங்காகிறது. அல்சேஷன் குட்டியோ அரைக் கிலோ அளவிற் பிறந்து, ஓராண்டில் 30 கிலோவை எட்டிவிடுகிறது, அறுபது மடங்கு! உருவம் முந்திக்கொள்கிறது, உறுதி பின்னால் வருகிறது. எட்டு மாதக் குட்டி நம் கண்ணுக்கு முழு நாயாய்த் தோன்றுவதே அதற்கு வாய்த்த ஆபத்து.

இனி இடுப்பு மூட்டைக் காண்போம். தொடையெலும்பின் தலை பந்து போன்றது. இடுப்பெலும்பின் குழி கிண்ணம் போன்றது. பந்து கிண்ணத்திற் செவ்வனே பொருந்தி நிற்குமாயின் இரண்டும் ஒன்றற்கொன்று அச்சாகி ஒழுங்காய் வளரும். பொருத்தம் தளருமாயின் கிண்ணம் ஆழமின்றித் தட்டையாகும், பந்து தேயும், காலப்போக்கில் மூட்டுவாதம் வந்து குடிகொள்ளும். இதற்கு ஹிப் டிஸ்பிளேசியா என்று பெயர். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல்லே என்பார் நாய்களிடத்தே இக்கோளாற்றை முதன்முதல் விவரித்தார். முன்னங்காலின் முழங்கை மூட்டிலும் இதனையொத்த கோளாறு உண்டு. இவ்விரண்டும் பெற்றோர் வழி வருவன. ஆயினும் வித்து எதுவாயினும் வளர்க்கும் முறைக்கும் அதிற் பெரும்பங்கு உண்டென்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

நார்வே நாட்டில் நான்கு பேரினங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 500 நாய்களைப் பிறப்பு முதல் தொடர்ந்து கவனித்து, 2012-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பிறந்த முதல் மூன்று மாதங்களில் அன்றாடம் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு வரும் வாய்ப்பு மிகுந்திருந்தது. அதே மூன்று மாதங்களில் மென்மையான, மேடு பள்ளம் மிகாத தரையிற் கயிறின்றித் தாமே உலாவிய குட்டிகளுக்கு அவ்வாய்ப்புக் குறைந்திருந்தது. பண்ணைகளிற் பிறந்த குட்டிகள் ஏனையவற்றினும் நலமாயிருந்தன. அன்பர்களே, இதனை ஊன்றி நோக்குங்கள். பால்மரத்தடியிற் சருகின்மேல் உருண்ட லயத்து நாய்க்கு இயல்பாய்க் கிடைத்ததனை, விலைமிக்க குட்டிக்கு நாம் இன்று முயன்று தேடித்தர வேண்டியிருக்கிறது!

ஆகவே இயக்கம் தீதன்று. அதன் வகையே ஆராய்தற்குரியது. புல்தரையில், தன் போக்கில், களைத்தால் நிற்கும் உரிமையோடு குட்டி விளையாடுவது அதன் தசைகளை வளர்க்கும். அத்தசைகளே பின்னர் மூட்டைத் தாங்கும். வண்டியின் வேகத்துக்கு ஈடாய் ஓடுவதும், லாரியிலிருந்து குதிப்பதும், எறிந்த பந்தை நூறு முறை திடீரென்று திரும்பித் திரும்பிக் கவ்வுவதும், வழுக்குந் தரையில் நான்கு கால்களும் நாற்றிசை பரக்க விழுவதும் அதற்குக் கேடு. கயிற்றிற் பிடித்து நடத்துவோர்க்கு, “வயது மாதம் ஒன்றுக்கு ஐந்து நிமிடம்” என்றொரு கணக்கு வழங்குகிறது. நான்கு மாதக் குட்டிக்கு ஒரு வேளைக்கு இருபது நிமிடம். இது சோதனையில் நிறுவிய விதியன்று. ஆயினும் ஆர்வம் மிகுந்த எசமானர்க்கு நல்ல கடிவாளமாகும். நம் நாட்டு வெப்பத்திற்கு அந்நடையையும் வெயில் ஏறுமுன்னரோ, மாலையில் தார்ச்சாலை ஆறிய பின்னரோ வைத்துக்கொள்ளல் வேண்டும். நீச்சல் மூட்டுக்கு இதமானது. ஆனால் கரை செங்குத்தாய் இறங்கும் பழைய ஈயக்குட்டைகளிற் குட்டியை இறக்குதல் கூடாது. எழும்போது தயங்குமாயின், படியேற மறுக்குமாயின், பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போல் தாவி ஓடுமாயின், ஓட்டத்தை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

அன்பின் பெயரால் வரும் மற்றொரு தீங்கு ஊட்டி வளர்த்தல். கொழுத்த குட்டியைக் கண்டு மகிழாதார் யார்? அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் 48 லாப்ரடார் குட்டிகளை 24 இணைகளாகப் பிரித்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒன்றற்கு மற்றதனினும் நாலிலொரு பங்கு குறைவாகவே உணவிட்டு வந்தனர். இரண்டு வயதிற் பரிசோதித்தபோது மிகுதியாய் உண்டவற்றுள் 16 நாய்களுக்கு இடுப்புக் கோளாறு காணப்பட்டது. குறைவாய் உண்டவற்றுள் 7 நாய்களுக்கே இருந்தது. வாழ்நாள் முழுதும் தொடர்ந்து கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டபோது, மெலிந்த நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டாகவும், மற்றவற்றின் ஆயுள் 11 ஆண்டுக்குச் சற்று மேலாகவும் இருந்தது. எலும்பு வலுக்குமென்று சுண்ணாம்புச் சத்துப் பொடியை அள்ளிப் போடுவதும் இவ்வாறே. இளங்குட்டியின் குடல், மிகுதியாய் வந்த சுண்ணாம்புச் சத்தை வேண்டாவென்று தள்ளும் திறமையை இன்னும் பெறவில்லை. ஆகவே அம்மிகுதி எலும்பின் வளர்ச்சியையே குலைக்கும். கிரேட் டேன் குட்டிகளிடத்தே இது நன்கு மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

உண்மை இதுவாயின், நாம் முதலில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். “நாய் தானே ஓடுகிறது? வேண்டாவென்றால் நின்றுவிடாதா?” என்று கேட்பார் பலர். நில்லாது, அதுவே இச்செய்தியின் உயிர்நாடி. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன், தன்னைத் தொடரும் நாயைத் தேர்ந்தெடுத்து வளர்த்தான்; தொடராத நாயைக் கைவிட்டான். அதன் விருப்பம் என்று நாம் இன்று சொல்வது பெரும்பாலும் நாமே அதனுள் விதைத்த விருப்பம். எசமானர் முன்னே போனால் நாய் பின்னே ஓடும். கால் நொந்தாலும் ஓடும். நோவை மறைத்து வாலை ஆட்டிக்கொண்டே ஓடும். நாம் விதைத்த ஒன்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அது நமக்குச் சாதகமாய்ப் பேசுகிறதென்று மகிழ்வது நீதியாகுமா?

இதனை நம் சொந்த வரலாற்றில் வைத்துப் பார்த்தால் இன்னும் விளங்கும். தோட்டங்களிற் பிள்ளைகள் தாய்க்குத் துணையாக ஒட்டுப்பால் பொறுக்கியதும், வாளி தூக்கியதும் நாமறிந்ததே. யாரும் அடித்து ஏவாமலே, தாயின் களைப்பைக் கண்டு பிள்ளை தானே வாளியை எடுத்ததுண்டு. அவ்விருப்பம் பொய்யன்று, மிக மெய்யானது. எனினும் அதனைக் காட்டிப் பிள்ளை உழைப்பை நியாயப்படுத்த அறிவுடையோர் இசையவில்லை. மலாயாவின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களிற் பள்ளிக்கூடம் வைக்கவேண்டுமென விதித்ததன் உட்பொருளும் இதுவே. பிள்ளையின் காலம் பிள்ளைக்கு உரியது. அதன் நல்லெண்ணத்தைக் கூலியாக்கிக்கொள்ளப் பிறர்க்கு உரிமை இல்லை. பிள்ளையும் நாயும் ஒன்றென்று இங்கே சொல்லவில்லை. மறுக்கத் தெரியாதவன் இசைந்தான் என்பதனால் வலியவனின் பொறுப்புக் குறைவதில்லை என்னும் நியாயம் மட்டும் இரண்டிடத்தும் ஒன்றேயாம்.

இவ்வடக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. பால் வெட்டிய கைகள் அதனை நன்கறியும். நம் பேராவின் கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர், 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி என்பார், கோடரியாற் கொத்தி மரத்தைப் புண்ணாக்கும் பழைய முறையை விலக்கி, பட்டையை மெல்லியதாய்ச் சீவி அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையை நிலைநாட்டினார். கத்தி சற்றே ஆழ்ந்து உள்ளிருக்கும் உயிர்ப்படலத்தைத் தொட்டுவிட்டால், ஆறிய பட்டை முண்டும் முடிச்சுமாகி மறுபடியும் வெட்ட உதவாது போகும். இளமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 45 அல்லது 50 செண்டிமீட்டர் ஆகும் வரை அதனை வெட்டுவதில்லை என்பது தோட்ட வழக்கு. அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். செக்ரோல் எழுதும் எங்களைப் போன்ற கிராணிகளுக்கு, காத்திருக்கும் ஒவ்வோராண்டும் வரவில்லாச் செலவென்பது தெரியும். எனினும் நூல் பிடித்து அளக்காமல் மரத்தைத் திறப்பாரில்லை.

இங்கே கவனிக்க வேண்டுவது யாது? இளமரம் பால் தர மறுப்பதில்லை. எவ்வளவு இளமையிற் கீறினாலும் பால் கசியும். ஆனால் மரம் பருப்பது தடைப்படும். மரம் மறுக்காவிடினும் மனிதன் காத்திருந்தான். விலைச் சரக்கைத் தரும் மரத்திற்குக் காட்டிய பொறுமையை, வாலாட்டி நம்மை நோக்கும் உயிருக்குக் காட்டுதல் அரிதா?

பொறுமை என்றதனாற் சங்கிலியிற் கட்டிப்போடுவது பொறுமையெனக் கொள்ளற்க. கெடுமோ என்றஞ்சி, ஆறடிச் சங்கிலியிலும் சிறு கூண்டிலும் குட்டியை அடைத்து வளர்ப்பார் உளர். அக்குட்டியின் தசை வலுவிழக்கும், மனம் வெறிகொள்ளும், ஒருநாள் அவிழ்த்துவிட்டவுடன் பித்துப் பிடித்ததுபோல் ஓடி அன்றே கால் நொந்துகொள்ளும். நாம் வேண்டுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி. அது எளிதன்று, அன்றாடம் சிறிது நேரமும் சிறிது கவனமும் கேட்பது.

இனி, தோட்டத்துப் பெரியவர்கள் எழுப்பும் தடையொன்று உண்டு. “மனிதனுக்கே மருந்தில்லாது கிடந்தோம், துரையின் பங்களா நாய் தின்றதை நம் பிள்ளைகள் கண்ணாற் கண்டதோடு சரி. இன்று நாயின் முட்டிக்காலைப் பற்றிக் கட்டுரை எழுத வந்துவிட்டீர்களோ?” என்பர். இவ்வார்த்தையிற் சூடு உண்டு; அச்சூட்டிற்குக் காரணமும் உண்டு. அதனை இகழ்ந்து தள்ளுவோர் நம் மக்களின் துயரை அறியாதோர்.

ஆயினும் இரண்டு விடைகள் சொல்லலாம். முதலாவது, இங்கே கேட்பது பணமன்று. குறைவாக ஊட்டு, குறைவாக ஓட்டு, பொடிகளை வாங்காதே, வழுக்குந் தரையில் ஒரு பழைய சாக்கை விரி என்பவையே அறிவுரை. பின்னாளிற் செலவிடவேண்டிய பணத்தை இது மிச்சப்படுத்தும். இரண்டாவது, இரக்கம் என்பது பையிலிட்ட காசன்று, ஒருவர்க்குக் கொடுத்தால் மற்றவர்க்குக் குறைந்துபோவதற்கு. 1824-இல் லண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர், மனிதரை மனிதர் விற்கும் அடிமை வாணிபத்தை ஒழிக்க வாழ்நாளெல்லாம் உழைத்த வில்பர்ஃபோர்ஸ். அதற்கு முன்னரே, 1789-இல் வெளிவந்த தம் நூலில், பெந்தம் என்னும் அறிஞர், ஓர் உயிருக்குப் பேச்சும் பகுத்தறிவும் உண்டா என்பதனை விட்டு, அதற்குத் துன்பம் உண்டா என்பதனையே கேட்கவேண்டுமென்று வாதித்தார். துரையின் நாய்க்கு இரங்கித் தொழிலாளிக்கு இரங்காதவனிடம் இருந்த குறை நாயின்பால் வைத்த அன்பன்று; அவ்வன்பு நாயோடு நின்றுவிட்டதே குறை. நாம் அக்குறையைத் தலைகீழாக்கி நமதாக்கிக்கொள்ளுதல் வேண்டா.

சட்டமும் இன்று இதனை ஏற்றிருக்கிறது. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கை வைத்திருப்பவர் அதன் உணவு, இருப்பிடம், இயல்பான நடமாட்டம், நோவினின்றும் நோயினின்றும் பாதுகாப்பு ஆகியவற்றைக் கவனித்தல் கடமையென்கிறது. கொடுமை செய்வோர்க்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆனால் அன்பினால் விளையும் கேட்டைச் சட்டம் எவ்வாறு பிடிக்கும்? மூன்று வயதில் நொண்டும் நாயின் கால், அது ஐந்து மாதக் குட்டியாயிருந்த காலத்து ஓட்டத்தை எந்த நீதிமன்றத்திற் சொல்லும்? சட்டத்தின் கண் புகாத இடத்தில் மனச்சாட்சியின் கண் திறந்திருத்தல் வேண்டும்.

அக்கண் குட்டியை வாங்கும் நாளிலேயே திறக்கவேண்டும். தூய இனம், உயர்ந்த வமிசம் என்று விளம்பரஞ் செய்வோரிடம், “பெற்ற நாய்களின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீரா?” என்று கேட்பார் எத்தனை பேர்? அமெரிக்காவில் 1966-இல் தோன்றிய ஓர் அமைப்பு, இரண்டு வயது நிரம்பிய நாய்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து சான்றளித்து வருகிறது. பல மேனாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. மூட்டைப் பாராமல் முகவெட்டையும் நிறத்தையும் மட்டும் பார்த்து நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ப்பவர், தூய்மை என்ற பெயரால் நோயையே தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றுகின்றனர். பிறப்பின் பெருமை பேசிப் பிறந்ததன் நலத்தை மறக்கும் இவ்வியாதி, நாய்களைப் பற்றிய பேச்சோடு முடிந்துவிடுவதன்று என்பதனை வாசகர் தாமே உணர்வர். வரிசை வீட்டின் சிறு முற்றத்திற்குப் பேரின நாய் ஏற்றதுதானா என்பதும் கேட்கத்தக்க வினாவே. தெருவிற் பசித்துத் திரியும் நாட்டு நாய்க்குட்டியும் அன்போடு வளர்த்தால் வாசலிற் படுத்துக் குரைக்கத்தான் செய்யும்.

தமிழர் நாயின் தொண்டை மதிக்காதவர் அல்லர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் போரில் மாண்ட வீரனுக்கு நட்ட அக்கல்லில், அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒரு நாயின் பெயரை நாம் அறிய முடிகிறது!

நாய் நமக்குச் செய்ததை எழுதிவைத்த பெருமை அக்கல்லுக்கு உண்டு. நாம் நாய்க்குச் செய்யவேண்டியதை எழுதும் கல் ஒன்று இன்னும் நடப்படவில்லை. அதற்குக் கல்லும் வேண்டுவதில்லை. பட்டணத்து வீடொன்றில் இன்று மாலை ஆறு மாதக் குட்டி கயிற்றைக் கவ்விக்கொண்டு வாசலில் துள்ளும். அதன் எசமானர் மோட்டார் சைக்கிளின் சாவியை எடுக்காமல், புல்தரை வரை நடந்து சென்று, கயிற்றை அவிழ்த்துவிட்டு, அது களைத்துப் படுக்கும்வரை பக்கத்தில் நிற்பாராயின், அவர் தம் கடமையை அறிந்தவராவார். அந்நாய் நாளை நம் வீட்டைக் காக்கும். அதன் கால்களை இன்று காக்கவேண்டியவர் நாமே.